கால் கட்டைவிரல் மூட்டு வலி: செருப்பு, ஊசி, ஆபரேஷன் - யாருக்கு எது சரி

எங்க குடும்பத்துல மூணு பேருக்கு கால் கட்டைவிரல்ல வலி. எனக்கு, எங்க அக்காவுக்கு, என் மச்சானுக்கு. டாக்டர் எங்க வலிக்குதுன்னு கேட்டா மூணு பேரும் ஒரே எடத்தைத்தான் தொட்டுக் காட்டுவோம், கட்டைவிரல் போய் பாதத்தோட சேருதுல்ல, அந்த மூட்டு. ஆனா மூணும் மூணு வேற வேற வியாதி. ஒருத்தருக்கு கேக்குற வைத்தியம் இன்னொருத்தருக்கு கேக்காது, சில சமயம் கெடுதலாவும் போயிரும். இது தெரியாம நான் ஏழு மாசத்தை வீணாக்கிட்டேன், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்துருக்கேன்.

நான் டெய்லர். முப்பது வருசமா தையல் மெஷின் மிதிக்கிறேன், மதுரையில, முன்ன புது மண்டபத்துல, இப்ப குன்னத்தூர் சத்திரத்துல. மிதி மெஷின்ல உக்காந்தவங்களுக்குத் தெரியும், வலது கால் கொஞ்சம் முன்னாடி, இடது கால் கொஞ்சம் பின்னாடி வச்சு குதிகாலும் முன்பாதமும் மாத்தி மாத்தி அமுங்கணும், அந்த அமுக்கு முழுக்க கட்டைவிரல் மூட்டுலதான் வந்து நிக்கும். 51 வயசுல வலது கட்டைவிரல் மூட்டு மேல ஒரு சின்ன மேடு வந்துச்சு, தொட்டா கல்லு மாதிரி. சாயங்காலம் ஆனா வீங்கிக்கும். மருந்துக் கடையில காட்டுனப்போ யூரிக் ஆசிட்டாத்தான் இருக்கும்னு சொல்லி ஒரு மாத்திரை குடுத்தாங்க, நானும் மச்சானுக்கும் அதே மாத்திரைதானன்னு நம்பி தொடர்ந்து போட்டேன், கறியை விட்டேன், பருப்பை விட்டேன், தக்காளியை விட்டேன், வலி மட்டும் ஒரு பொட்டு கொறயல. கடைசியில எலும்பு டாக்டர்கிட்ட போய் நிக்க வச்சு எக்ஸ்ரே எடுத்தப்பதான் தெரிஞ்சுச்சு, இது யூரிக் ஆசிட்டே இல்ல, மூட்டு தேஞ்சு எலும்பு மேல வளந்துருக்குன்னு. நிக்க வச்சுங்கிறது முக்கியம், படுக்க வச்சு எடுத்தா பாதத்துல எடை ஏறாது, மூட்டோட இடைவெளி எவ்வளவு கொறஞ்சிருக்குன்னு சரியாத் தெரியாது.

அதனால எந்த வைத்தியம்னு கேக்குறதுக்கு முன்னாடி, எந்த வியாதின்னு பிரிச்சுக்கங்க. பிரிக்கிறது அவ்வளவு கஷ்டம் இல்ல.

ராத்திரி நல்லாப் படுத்தவரு விடியக்காலம் மூணு மணிக்கு விரல் நெருப்பு வச்ச மாதிரி எந்திரிக்கிறாரு, மூட்டு செவசெவன்னு பளபளப்பா வீங்கியிருக்கு, போர்வை பட்டாக் கூட தாங்க முடியல, ஒரு வாரம் பத்து நாள்ல தானா அடங்கிருது, அடுத்த சில மாசம் ஒண்ணுமே இல்ல - இது பெரும்பாலும் கவுட், யூரிக் ஆசிட் உப்பு மூட்டுக்குள்ள ஊசி ஊசியாப் படியுறது. விரல் மெதுவா வருசக்கணக்குல பக்கத்து விரலைப் பாத்து சாயுது, உள்பக்கம் எலும்பு பொடச்சுக்கிட்டு வருது, இறுக்கமான ஷூ போட்டா அந்த பொடப்பு உரசி வலிக்குது - இது ஹாலக்ஸ் வால்கஸ். விரல் நேராத்தான் இருக்கு, ஆனா மேல் பக்கமா மடக்க முடியல, படி ஏறும்போதும் நடக்கும்போது காலை எடுக்குற நேரத்துலயும் மூட்டோட மேல்பக்கம் குத்துது, மேல கல்லு மாதிரி மேடு - இது ஹாலக்ஸ் ரிஜிடஸ், என் கேஸ். வலி மூட்டுக்கு அடியில, பாதத்தோட பந்து மாதிரி எடத்துல இருந்தா அது அங்க இருக்குற ரெண்டு சின்ன எலும்போட சமாச்சாரமா இருக்கலாம், அது தனி.

ஒண்ணு மட்டும் தள்ளிப் போடாதீங்க. காய்ச்சலோட விரல் சிவந்து வீங்குனா, இல்ல சுகர் ரொம்ப வருசமா இருக்குறவங்களுக்கு பாதம் சூடா வீங்கி வலியே இல்லாம இருந்தா, அன்னைக்கே ஆஸ்பத்திரி. மூட்டுக்குள்ள சீழ் வச்சாலும் பாக்க கவுட் மாதிரியேதான் இருக்கும், சிரிஞ்ச்ல தண்ணி உறிஞ்சி டெஸ்ட் பண்ணாத்தான் பிரிக்க முடியும்.

முதல்ல மச்சான் கதை. அவரு மேலூர்ப்பக்கம், கல்லு லாரி ஓட்டுறவரு. ஞாயித்துக்கிழமைன்னா குடல், ஈரல், சுவரொட்டி இல்லாம இலை போட விடமாட்டாரு, சாயங்காலம் பீரும் உண்டு. மொதல் தடவை விரல் வீங்குனப்போ சுளுக்குன்னு சொல்லி ஒருத்தர்கிட்ட போய் உருவி விட்டுட்டு வந்தாரு, அன்னைக்கு ராத்திரி அவரு அழுததை நான் பாத்தேன், அவ்வளவு பெரிய ஆளு. மறுநாள் ரத்தம் எடுத்தா யூரிக் ஆசிட் 6.2, நார்மல்னு எழுதிட்டாங்க. வலி உச்சத்துல இருக்கும்போது ரத்தத்துல அளவு எறங்கி நார்மலாக் காட்டும், இது நெறைய பேருக்கு நடக்குது, வலி அடங்கி ரெண்டு வாரம் கழிச்சு எடுத்துப் பாத்தாத்தான் உண்மை தெரியும். அவருக்கு அப்ப 8.9.

கவுட்டுக்கு ரெண்டு தனித்தனி முடிவு எடுக்கணும், இதைத்தான் எல்லாரும் போட்டுக் கொழப்புறாங்க. ஒண்ணு, இன்னைக்கு வலியை எப்படி அமத்துறது. இன்னொண்ணு, அடுத்த வலி வராம எப்படிப் பாத்துக்கிறது. இன்னைக்கு வலிக்கு மூணு வழி: வலி மாத்திரை, கோல்சிசின், ஸ்டீராய்டு. கிட்னி நல்லா இருந்து அல்சர் இல்லாத ஆளுக்கு வலி மாத்திரை சரிதான், கிட்னியில கோளாறு இருந்தாலோ ஹார்ட் பேஷன்டா இருந்தாலோ அது ஆபத்து, அவங்களுக்கு பெரும்பாலும் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு குடுப்பாங்க. கோல்சிசினை முன்னெல்லாம் பேதி ஆகுற வரைக்கும் மணிக்கு ஒண்ணா குடுப்பாங்க, 2010ல வந்த ஒரு ஆராய்ச்சியில கொறஞ்ச டோஸ் குடுத்தாலும் அதே அளவு கேக்குது, பேதியும் ரொம்ப கொறவுன்னு காட்டிட்டாங்க, அதனால இப்ப கொறஞ்ச டோஸ்தான். வலி ஆரம்பிச்ச அன்னைக்கே எடுத்தாத்தான் இது நல்லா வேலை செய்யும்.

இந்த கோல்சிசின் எங்கிருந்து வருதுன்னு கேட்டா ஆச்சரியப்படுவீங்க. நம்ம மாநிலப் பூ செங்காந்தள் இருக்குல்ல, கண்வலிக்கிழங்குன்னு சொல்றது, அதுல இருக்குற சரக்குதான். ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பக்கம் பந்தல் போட்டு வெவசாயம் பண்றாங்க, வெதையை மருந்துக் கம்பெனிக்கு வாங்கிக்கிட்டுப் போறாங்க. இதைக் கேட்டுட்டு யாராச்சும் அந்த கிழங்கை அரைச்சு சாப்பிட்டா எல்லா வலியும் போயிரும்னு கெளம்பிறாதீங்க, தயவு செஞ்சு. அந்த கிழங்கு விஷம், தின்னு செத்தவங்க இருக்காங்க. மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவுல இருக்குற அளவு இதுல ரொம்பச் சின்னது, அதனாலதான் மாத்திரையைக் கூட டாக்டர் சொன்ன கணக்குக்கு மேல போடக் கூடாது.

ரெண்டாவது முடிவு, வராமப் பாத்துக்கிறது. சாப்பாட்டைக் கொறைக்கிறதா, யூரிக் ஆசிட்டைக் கொறைக்கிற மாத்திரை, அலோபியூரினாலோ பெபக்ஸோஸ்டாட்டோ, தினமும் போடுறதா? வருசத்துக்கு ரெண்டு தடவையோ அதுக்கு மேலயோ வலி வந்தா, மூட்டுல உப்புக் கட்டி தெரிஞ்சா, எக்ஸ்ரேல எலும்பு அரிச்சிருந்தா, மாத்திரைதான். சாப்பாட்டுக் கட்டுப்பாட்டால மட்டும் யூரிக் ஆசிட் பெரும்பாலும் ஒரு பாயின்ட் கொறையும், 8.9ல இருக்குறவருக்கு அது பத்தாது, 6க்குக் கீழ வந்தாத்தான் படிஞ்ச உப்பு கரையும். அதுக்காக ஈரலும் பீரும் ஓடட்டும்னு அர்த்தம் இல்ல, அதுக தான் அடுத்த வலியைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றது. கூல்ட்ரிங்ஸும் அப்படித்தான், அதுல இருக்குற இனிப்பு யூரிக் ஆசிட்டை ஏத்தும். ஆனா நம்ம ஊர்ல கவுட்னு சொன்ன ஒடனே பருப்பு, கீரை, தக்காளி எல்லாத்தையும் நிப்பாட்டி மனுசனைப் பட்டினி போட்டுடுறாங்க, அது தேவையே இல்ல. பருப்பு கீரையால கவுட் கூடுறதில்லைன்னு பெரிய பெரிய ஆராய்ச்சியில பாத்துட்டாங்க.

மச்சான் அலோபியூரினால் ஆரம்பிச்ச மூணாவது வாரமே மறுபடி வலி வந்துருச்சு. மாத்திரையாலதான் வந்துச்சுன்னு தூக்கி எறிஞ்சிட்டாரு. இங்கதான் முக்காவாசிப் பேர் விடுறாங்க. பழைய உப்பு கரைய ஆரம்பிக்கும்போது கொஞ்ச நாள் வலி வந்து போகும், அதுக்காகத்தான் 100 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவாங்க, கூடவே மூணுலருந்து ஆறு மாசம் கொறஞ்ச டோஸ் கோல்சிசினும் குடுப்பாங்க. அவரை மறுபடி கூட்டிட்டுப் போய் உக்கார வச்சு டாக்டரையே இதைச் சொல்ல வச்சேன், இப்ப 300ல இருக்காரு, யூரிக் ஆசிட் 5.4, ரெண்டு வருசமா விரல் சும்மா இருக்கு. ஒண்ணே ஒண்ணு, அந்த மாத்திரை ஆரம்பிச்ச மொத ரெண்டு மூணு மாசத்துல ஒடம்புல தடிப்பு தடிப்பா வந்தா ஒடனே நிப்பாட்டிட்டு டாக்டர்கிட்ட ஓடணும், அபூர்வமா சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாப் போகும். அப்புறம் பிரஷருக்கு தண்ணி பிரியுற மாத்திரை போடுறவங்க அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, அது யூரிக் ஆசிட்டை ஏத்தும், நீங்களா நிப்பாட்டாதீங்க, அவரு வேற மாத்தித் தருவாரு.

அக்கா விசயம் சுருக்கமாச் சொல்லிடுறேன், ஏன்னா அங்க முடிவு லேசு. அக்கா திருமங்கலம் பக்கம் ஸ்கூல் டீச்சர், நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கணும். எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் விரல் சாஞ்சிருந்துச்சு, இது வம்சத்துல வர்றது. அக்கா ஆன்லைன்ல ராத்திரி கட்டிக்கிற பட்டை, விரலுக்கு நடுவுல வைக்கிற சிலிக்கான் கட்டை எல்லாம் வாங்குனாங்க. கட்டை வச்சா உரசல் கொறஞ்சு கொஞ்சம் சொகமா இருக்கும், அது உண்மை, ஆனா சாஞ்ச எலும்பை எந்தப் பட்டையும் நிமித்தாது. நிமித்தணும்னா ஆபரேஷன்தான், எலும்பை வெட்டி நகத்தி ஸ்குரு போடுறது. அதுக்கப்புறம் ஆறு வாரம் அடி விறைப்பான செருப்பு, வீக்கம் முழுசா எறங்க ஆறு மாசம், சிலருக்கு ஒரு வருசம் கூட ஆகும், சில பேருக்கு விரல் மறுபடி சாயவும் செய்யும். அதனால அழகுக்காக பண்ணாதீங்கன்னு டாக்டருங்களே சொல்றாங்க, வலிதான் கணக்கு. அக்காவுக்கு வலி ஷூ போட்டா மட்டும்தான். முன்பக்கம் அகலமா, மேல பக்கிள் வச்சு தளர்த்திக்கிற மாதிரி ஒரு சாண்டல் வாங்குனாங்க, முடிஞ்சுச்சு. பேப்பர்ல பாதத்தை வச்சு பென்சிலால கோடு போட்டு வெட்டி, அந்த பேப்பரை கடையில செருப்பு மேல வச்சுப் பாத்து வாங்குனாங்க, பேப்பர் வெளிய துருத்துனா அந்த செருப்பு வேணாம். இது நல்ல யோசனை, எல்லாருக்கும் சொல்லுவேன்.

இப்ப என் கதை, ரிஜிடஸ். இங்கதான் முடிவு எடுக்கத் தலை சுத்துது, ஏன்னா நாலு வழி இருக்கு, நாலுக்கும் நல்லது கெட்டது இருக்கு.

நல்லா இருக்குற கட்டைவிரல் மேல் பக்கமா 65லருந்து 75 டிகிரி வரைக்கும் மடங்கும். எனக்கு டாக்டர் அளந்து பாத்தப்போ 25. இதை 0லருந்து 4 வரைக்கும் அஞ்சு கட்டமாப் பிரிச்சு வச்சிருக்காங்க, 2003ல ரெண்டு அமெரிக்க டாக்டருங்க எழுதுன கணக்கு அது, நான் அதுல 2ம் நம்பர் கட்டம். எத்தனாவது கட்டம்னு கேட்டுத் தெரிஞ்சுக்கங்க, அந்த ஒரு நம்பரை வச்சே பாதி முடிவு ஆயிரும்.

மொத வழி செருப்பு. யோசனை என்னன்னா மூட்டு மடங்குனாத்தான் வலி, அதனால மடங்காமலே நடக்க வைக்கிறது. அதுக்கு அடி விறைப்பா இருக்கணும், முன்பக்கம் படகு மாதிரி கொஞ்சம் மேல தூக்கியிருக்கணும், அப்ப விரல் மடங்காம பாதம் உருண்டு போயிரும். கடையில ஒரு செருப்பை எடுத்து முன்னையும் பின்னையும் பிடிச்சு வளைச்சுப் பாருங்க, வெத்தலை மாதிரி மடிஞ்சா அது நமக்கு இல்ல. ஹவாய் செருப்பு மோசம், அடியும் மடங்கும், வாரைப் பிடிக்கிறதுக்கு விரலும் சதா இறுக்கிக்கிட்டே இருக்கும். சுகர்காரங்களுக்குக் குடுக்குற எம்சிஆர் செருப்பு மெத்துன்னு இருக்கு, நல்ல செருப்புதான், ஆனா அது அழுத்தம் கொறைக்கிறதுக்கு, மடங்குறதைத் தடுக்காது. நான் என்ன பண்ணேன்னா எம்சிஆர் செருப்பையே கொண்டு போய் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட குடுத்து, அடியில ஒரு கெட்டியான சோல் ஒட்டி, முன்னாடி ஓரத்தை சாய்வா செதுக்கித் தரச் சொன்னேன். அவரு ரெண்டு தடவை ஒட்டி, மேசை மேல வச்சு நுனியை ஒரு விரலால அமுக்கிப் பாத்தாரு, குதிகால் பக்கம் அப்படியே தூக்குச்சு, இப்பச் சரியாருக்குண்ணேன்னு குடுத்தாரு. எங்க அப்பா காலத்துல டயர் செருப்புப் போட்டு நடந்தாங்களே, அதுவும் இந்த மாதிரி விறைப்புதான். ஷூ போடுற வேலைன்னா உள்ள வைக்கிற கார்பன் பைபர் தகடு கெடைக்குது, அதுவும் விரல் மடங்குறதைத் தடுக்கும்.

செருப்பு மாத்துனதுல வெளிய நடக்குற வலி பாதிக்குப் பாதி கொறஞ்சுச்சு. ஆனா ஒரு விசயம் யாரும் சொல்லல. இந்த வைத்தியத்தை யோசிச்சவங்க ஊர்ல ஜனங்க வீட்டுக்குள்ளயும் ஷூவோட இருப்பாங்க. நாம அப்படியா? வீட்டுல வெறுங்கால், கோயில்ல வெறுங்கால், சித்திரைத் திருவிழாவுல அழகர் வர்ற அன்னைக்கு நாள் பூரா வெறுங்கால், கடையிலயும் துணி மேல மிதிச்சிரக் கூடாதுன்னு செருப்பை வெளிய விடுவேன். ஒரு நாள்ல என் கால் செருப்புக்குள்ள இருக்குறது மொத்தமே நாலு மணி நேரம். அப்ப செருப்பு வைத்தியம் மீதி நேரத்துக்கு எங்க போகும். அதனால வீட்டுக்குள்ள போடுறதுக்குன்னு தனியா ஒரு ஜோடி விறைப்புச் செருப்பு வச்சேன், பூஜை ரூமைத் தவிர எல்லா எடத்துலயும் போடுறேன், மொதல்ல வீட்டுல சத்தம் போட்டாங்க, இப்பப் பழகிருச்சு. மெஷினுக்கும் மோட்டார் மாட்டி பெடலை இடது காலுக்கு மாத்திட்டேன். கைக்கு வந்த பழக்கத்தை மாத்துறதை விட காலுக்கு வந்ததை மாத்துறது கஷ்டம், ஒரு மாசம் தையல் கோணிக்கிட்டே போச்சு.

இன்னொண்ணையும் பாத்துக்கங்க, வலிக்குதுன்னு பாதத்தோட வெளி ஓரத்துல ஊனி நடக்கப் பழகிட்டா சுண்டுவிரல் பக்கமும் முழங்காலும் வலிக்க ஆரம்பிச்சிரும். எனக்கு அப்படித்தான் ஆச்சு.

ரெண்டாவது வழி ஊசி. மூட்டுக்குள்ள ஸ்டீராய்டு போடுறது. மக கல்யாணம் வந்துச்சு, மண்டபத்துல மூணு நாள் நிக்கணும், பத்து நாள் முன்னாடி ஒண்ணு போட்டுக்கிட்டேன். போடும்போது சுருக்குன்னு இருந்துச்சு, ரெண்டாம் நாள்லருந்து அருமை. எட்டு வாரம் தாக்குப் பிடிச்சுச்சு, அப்புறம் பழைய குருடி கதவத் தெறடி கதைதான். ஊசி தேஞ்ச மூட்டை சரி பண்ணாது, வீக்கத்தை மட்டும் எறக்கும், திரும்பத் திரும்பப் போட்டா மூட்டுக்கே கெடுதல். சுகர் இருந்தா போட்டதுக்கப்புறம் சில நாள் சுகர் ஏறும், பாத்துக்கிட்டே இருக்கணும். என்னைக் கேட்டா ஊசி ஒரு தேதிக்காக, கல்யாணமோ பயணமோ அறுவடையோ. அதை நெரந்தர வைத்தியமா நெனச்சு ஆறு மாசத்துக்கு ஒண்ணுன்னு போறவங்களைப் பாத்தா எனக்கு மனசு கேக்கல.

மூணாவது வழி, மேல வளந்த எலும்பைச் செதுக்கி எடுக்குற ஆபரேஷன். கெய்லெக்டமின்னு பேரு. மேட்டையும், கூடவே எலும்புத் தலையோட மேல்பாகம் கால்வாசி வரைக்கும் எடுத்துருவாங்க, விரல் மடங்க எடம் கெடைக்கும். மூட்டு மூட்டாவே இருக்கும். மறுநாளே விறைப்பு செருப்புப் போட்டு நடக்கலாம், ரெண்டு வாரத்துல தையல் பிரிப்பாங்க, ஆறு வாரத்துல சாதாரண வேலை. ஆனா தேய்மானம் நிக்காது, பல வருசம் கழிச்சு மறுபடி வலி வரலாம். ரொம்பத் தேஞ்ச மூட்டுக்கு இது பத்தாது. அதைக் கண்டுபிடிக்க டாக்டர் ஒண்ணு பண்ணுவாரு, விரலைப் பிடிச்சு நடு எடத்துல மெதுவா அமுக்கி ஆட்டிப் பாப்பாரு. மேல கடைசி வரைக்கும் மடக்குனா மட்டும் வலின்னா செதுக்குனாப் போதும், நடு எடத்துலயே அரைச்சு வலிச்சா உள்ள குருத்தெலும்பு போயிருச்சுன்னு அர்த்தம், அப்ப அடுத்த வழிதான்.

நாலாவது வழி, ரெண்டு எலும்பையும் ஒண்ணா ஒட்ட வைக்கிறது. ப்யூஷன்னு சொல்லுவாங்க. பிளேட், ஸ்குரு போட்டு விரலை லேசா மேல தூக்குன வாக்குல நிறுத்தி வச்சிருவாங்க, எலும்பு கூடி ஒண்ணாயிரும், மூட்டே இல்ல, அதனால வலியும் இல்ல. கேக்குறப்ப பயமா இருக்கும். எனக்கும் மூட்டையே இல்லாம ஆக்குறதுன்னு சொன்னதும் வயித்தைக் கலக்குச்சு. ஆனா முத்திப் போன கேஸுக்கு நம்பி பண்ணக் கூடியது இதுதான்னு ரெண்டு டாக்டருங்க தனித்தனியாச் சொன்னாங்க, பத்துல ஒம்போது பேருக்கு மேல எலும்பு நல்லாக் கூடிருது. எங்க தெருவுல ஒரு பெரியவரு பண்ணிக்கிட்டாரு, பஸ் டிரைவரா இருந்து ரிட்டையர் ஆனவரு. ஆறு வாரம் குதிகால்ல மட்டும் ஊனி நடந்தாரு, மூணு மாசம் கழிச்சு திருப்பரங்குன்றம் கிரிவலம் சுத்தி வந்தாரு. விரல் முழுக்க கட்டையா இருக்கும்னு நெனச்சேன், அவரு காட்டுனாரு, நகத்துக்குப் பக்கத்துல இருக்குற நுனி மூட்டு ஜம்முன்னு மடங்குது. பீடி சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு எலும்பு கூடுறது கஷ்டம், அதை விட்டாத்தான் பண்ணுவேன்னு டாக்டர் கறாராச் சொல்லி, அவரு நாப்பது வருசப் பழக்கத்தை விட்டாரு. ஒட்ட வைக்கிற கோணம் பிசகுனா தொந்தரவு, ரொம்ப மேல நின்னா செருப்புல இடிக்கும், ரொம்பக் கீழ நின்னா தரையில குத்தும், அதனால பாத ஆபரேஷன் அடிக்கடி பண்ற டாக்டரா பாருங்க.

செயற்கை மூட்டு வைக்கலாமேன்னு நானும் கேட்டேன். முழங்கால்ல நல்லா வேலை செய்யுது, கட்டைவிரல்ல அந்த அளவுக்கு நிலைக்கிறதில்ல, தளந்து போச்சுன்னா எலும்பு கொறஞ்சு அப்புறம் ஒட்ட வைக்கிறதும் கஷ்டமாயிரும்னு சொன்னாரு. நான் அதோட அந்தப் பேச்சை விட்டுட்டேன்.

அப்ப செதுக்குறதா, ஒட்ட வைக்கிறதா? நான் ஒரு வேலை செஞ்சேன். துணி வெட்டுற சாக்பீஸ் எடுத்து கடை செவுத்துல ஒரு வாரம் கோடு போட்டேன். ஒரு நாள்ல விரல் மடங்கித்தான் ஆகணும்ங்கிற வேலை எத்தனை தடவை வருதுன்னு. கக்கூஸ்ல குத்த வச்சு உக்கார்றது அதுல சேரும்னுதான் பயந்தேன், பாத்தா சேரல. நாம குதிகால் தரையில பட உக்கார்றோம், அங்க கணுக்கால்தான் மடங்குது, விரல் இல்ல. தரையில சம்மணம் போடுறதுலயும் இல்ல. ஆனா துணியைத் தரையில விரிச்சு, முட்டி போட்டு, பின்னங்கால் விரலை ஊனி, முன்னாடி குனிஞ்சு வெட்டுறேன்ல, அது ஒரு நாளைக்கு இருவது இருவத்தஞ்சு தடவை. கோயில்ல விழுந்து கும்பிட்டு எந்திரிக்கிறது. தொழுகை பண்ற எங்க பக்கத்துக் கடை பாய்க்கு இதே பிரச்சனை அஞ்சு வேளை. இதெல்லாம் ஒட்ட வச்ச விரல்ல சிரமம். பெரியவருக்கு அந்த வேலை இல்ல, அவருக்கு நடந்தாப் போதும், அதனால ஒட்ட வச்சது அவருக்கு நூத்துக்கு நூறு. எனக்கு மூட்டு வேணும், கட்டமும் ரெண்டுதான், நடு எடத்துல அமுக்குனா வலி இல்ல. செதுக்குறதுன்னு முடிவு பண்ணேன். பின்னாடி தேவைப்பட்டா ஒட்ட வைக்கிற வழி அப்பவும் தெறந்தே இருக்கும், ஒட்டிட்டா திரும்பி வர வழி இல்ல.

நாலு வரி செலவு பத்தி. அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி எலும்புப் பிரிவுல எக்ஸ்ரேயும் ஆலோசனையும் காசில்லாம முடியும், காலையிலயே போய் சீட்டு வாங்கிரணும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா அங்கயே காப்பீட்டு கவுண்டர்ல உங்க ஆபரேஷன் பேரைச் சொல்லிக் கேட்டு எழுதி வாங்கிக்கங்க. தனியார்ல போனா ஆபரேஷன் காசு மட்டும் கேக்காம, ரூம், மயக்க மருந்து, செருப்பு, கட்டு மாத்துறது எல்லாம் சேத்து எவ்வளவுன்னு கேளுங்க. அப்புறம் வேலை இல்லாத ஆறு வாரத்தையும் கணக்குல சேருங்க, என்னை மாதிரி தினக்கூலிக்கு அதுதான் பெரிய செலவு.

நாள் குறிக்கிறதும் அதை வச்சுத்தான். டெய்லருக்கு தீபாவளிக்கு முன்னாடி மூச்சு விட நேரம் இருக்காது, மே ஜூன்ல ஸ்கூல் யூனிபார்ம். மார்கழியில முகூர்த்தம் கெடையாது, ஜாக்கெட் வேலை கொறவு. அதனால கார்த்திகை கடைசியில பண்ணிக்கிட்டேன், மார்கழி பூரா வீட்டுல காலைத் தூக்கி தலகாணி மேல வச்சுக்கிட்டு, தை பொறந்து கடைக்குப் போனேன். அந்த ஆறு வாரத்துல முக்கியமான வேலை ஒண்ணே ஒண்ணு, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை கையால விரலைப் பிடிச்சு மேல மடக்கி மடக்கி எறக்குறது. கண்ணுல தண்ணி வரும். அதை விட்டுட்டா தழும்பு இறுகி பழையபடி விறைச்சிரும்னு பிசியோதெரபி தங்கச்சி மெரட்டுனாங்க, என் சம்சாரம் கடிகாரத்தைப் பாத்து எழுப்பி எழுப்பி பண்ண வச்சாங்க.

இப்ப பதினாலு மாசம் ஆச்சு. போன வாரம் அளந்தாங்க, 45 டிகிரி. படி ஏறுறப்ப வலி இல்ல, முட்டி போட்டு துணி வெட்டுறேன், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல லேசா ஒரு கடுகடுப்பு இருக்கு, ஐஸ் வச்சா அடங்கிருது. விறைப்புச் செருப்பை விடல, மோட்டார் பெடலும் இடது கால்லதான். மூட்டு இடைவெளி இன்னும் கொஞ்சம் கொறஞ்சிருக்குன்னு புது எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னாரு டாக்டர், அடுத்த வருசம் இதே மாசம் வந்து இன்னொரு படம் எடுக்கணும்.